ஒரே காபி, இரண்டு நாக்கு

“யாரோ என்னைக் கொஞ்சம் கொஞ்சமா கொன்னுட்டிருக்காங்க.”

நான் இப்படி அறிவித்தபோது என் மச்சினி ஆபீஸ் ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

“கொஞ்சம் கொஞ்சமாவா? உங்ககிட்ட யாருக்கு அவ்வளவு பொறுமை இருக்கு அத்தான்?”

எங்கள் துப்பறியும் நிறுவனம் ஒரு சலவைக் கடையின் மாடியில் இருக்கிறது. நிறுவனம் என்றால் நான், ஒரு மேஜை, பூட்டாத ஒரு பீரோ, அப்புறம் என் மனைவியின் தங்கை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து, அது மூடப்பட்ட பிறகு எனக்கு உதவியாளராக வந்தவள். ஊர் முழுக்க ஒட்டுக்கேட்ட காது அவளுடையது. வாய் அதைவிடப் பெரியது.

“விளையாடாதே. கையைப் பாரு” என்று நீட்டினேன். விரல்கள் தாமாகவே தபேலா வாசித்தன. “நேத்து ரசீதுல கையெழுத்துப் போட்டேன். நமக்குக் கேஸ் கொடுத்த அந்தக் கண்ணாடிக் கடைக்காரர் பார்த்துட்டு, ‘இது மலைத்தொடரா சார்?’னு கேட்டார்.”

“நான்கூட அதைப் பார்த்தேன். நல்லா வந்திருந்துச்சு.”

“வேர்த்துக் கொட்டுது. கதவு சாத்தினா துப்பாக்கிச் சத்தம் மாதிரி கேக்குது. ஓரக்கண்ணுல ஏதோ ஊர்ற மாதிரியே இருக்கு. பத்து நாளா ஒரு பொட்டுத் தூக்கம் இல்லை. மாத்திரை போட்டும் இல்லை!”

இந்தக் கடைசி வரிதான் என்னை உலுக்கியது. எட்டு வருடமாக நான் தூக்க மாத்திரையின் விசுவாசமான வாடிக்கையாளன். முதலில் எழுதிக் கொடுத்த டாக்டர் “ரெண்டு வாரத்துக்கு மட்டும்” என்றார். அவர் ரிட்டயர் ஆகி, தோட்டம் போட்டு, அந்தத் தோட்டத்து மாமரம் காய்த்தும்விட்டது. நான் மட்டும் அதே சீட்டை மடித்து மடித்துக் கடைக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தேன். ஒன்று போதாமல் சில நாள் இரண்டு.

“சந்தேகம் யார் மேல?” என்றாள் மச்சினி, துணியை உதறியபடி.

“மூணு கல்யாண மாப்பிள்ளை. நான் பிடிச்சுக் கொடுத்தவன். கோர்ட்டுல என்னைப் பார்த்து, ‘உன்னைத் தூங்க விடமாட்டேன்’னு சொன்னான். ஞாபகம் இருக்கா? போன மாசம் வெளியே வந்துட்டான். என் மணிக்கட்டுல ஒரு சிவப்புக் கோடுகூட இருந்துச்சு, ராத்திரி யாரோ கட்டிப்போட்ட மாதிரி.”

“அவரை நான் விசாரிச்சுட்டேன். நாலாவதுக்குப் பொண்ணு தேடிட்டிருக்கார். உங்களுக்கு விஷம் வைக்க அவருக்கு நேரம் பத்தாது. அதோட, அவரைப் பிடிச்சது நீங்க இல்லை. நீங்க கார்ல குறட்டை விட்டுட்டிருந்தீங்க. நான்தான் போட்டோ எடுத்தேன்.”

“கண்ணை மூடி யோசிச்சிட்டிருந்தேன்.”

“எச்சில் ஒழுகுச்சு.”

நான் பேச்சை மாற்றினேன். பெரிய துப்பறிவாளர்களுக்கு இது கைவந்த கலை.

“நல்ல விஷயம் ஒண்ணுதான். காலைக் காபி இப்பல்லாம் அமிர்தமா இருக்கு. இத்தனை வருஷம் துருப்பிடிச்ச ஆணியைச் சப்பின மாதிரி வாய் கசக்கும். பத்து நாளா அது இல்லை. உங்கக்காதான் ஒரு வாய் குடிச்சுட்டு, கசக்குதுன்னு தொட்டியில கொட்டிட்டா. நாக்கே சரியில்லை உனக்குன்னு சொன்னேன்.”

மச்சினியின் கை ஜன்னலில் நின்றது. அவள் கை நிற்பதை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

“வாய்க் கசப்பு எப்ப போச்சு? சரியா சொல்லுங்க.”

“பத்து நாளா. அதான் சொன்னேனே.”

“தூக்கம் போனதும் அதே பத்து நாளா?”

“ஆமா.”

“அத்தான், விஷம் வச்சா வாய் கெட்டுப்போகணும். உங்களுக்குச் சரியாயிருக்கு. எந்த விஷமாவது நாக்கை ரிப்பேர் பண்ணுமா?” நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “உங்க மாத்திரை டப்பாவுல ஒரு காகிதம் மடிச்சு வச்சிருப்பாங்க. நீங்க கார்ல ‘யோசிக்கிறப்போ’ எனக்குப் பொழுது போகாம அதைப் படிச்சேன். இந்த மாத்திரை சாப்பிட்டா மறுநாள் வாய் கசக்கும்னு போட்டிருந்தது. மறதி வரும், பகல்ல தூக்கம் வரும், ராத்திரி எழுந்து நடக்கிறவங்களும் உண்டுன்னு இன்னும் நிறைய போட்டிருந்தது. கசப்பு போச்சுன்னா என்ன அர்த்தம்?”

“என்ன அர்த்தம்?”

“நீங்க அந்த மாத்திரையைச் சாப்பிடலைன்னு அர்த்தம்.”

“தினமும் சாப்பிடுறேனே!”

“ஏதோ சாப்பிடுறீங்க” என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள்.

வீட்டில் யாரும் இல்லை. என் மனைவி நகரப் பேருந்து ஓட்டுநர். காலை ஷிப்டுக்குப் போயிருந்தாள்.

என் மாத்திரைகள் குளியலறை அலமாரியில், ஷேவிங் பெட்டிக்குள், ஒரு பழுப்புப் பாட்டிலில் இருக்கும். பட்டையிலிருந்து மாத்திரையைப் பிதுக்கினால் சத்தம் வரும், சத்தம் கேட்டால் மனைவி, “இன்னிக்கும் ரெண்டா?” என்பாள். அதனால் வாங்கிய அன்றே எல்லாவற்றையும் பிரித்து இந்தப் பாட்டிலில் கொட்டிவிடுவேன். யாரும் கண்காணிக்க முடியாத ஏற்பாடு. அப்படித்தான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

மச்சினி அலமாரியைத் திறந்து கொஞ்ச நேரம் சும்மா பார்த்தாள்.

“ஷேவிங் பெட்டிக்கு எறும்பு வருமா அத்தான்?”

சுவரிலிருந்து இறங்கி, பற்பசையைக் கண்டுகொள்ளாமல், ஒழுங்காக வரிசை கட்டி ஷேவிங் பெட்டிக்குள் போய்க்கொண்டிருந்தன.

“ஒரு வாரமாவே வருது. தினமும் ஊதிவிடுவேன்” என்றேன்.

“ஊதிவிட்டீங்க. எதுக்கு வருதுன்னு யோசிக்கலை. தொழில் என்ன உங்களுக்கு?”

பாட்டிலைத் திறந்து ஒரு வில்லையைக் கையில் கொட்டினாள். வெள்ளையாக, வட்டமாக, சின்னதாக இருந்தது. நான் தினமும் விளக்கை அணைத்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தொண்டைக்குள் எறிந்து தண்ணீர் ஊற்றும் அதே வில்லை. மேஜை டிராயரில் இருக்கும் பூதக்கண்ணாடியை எத்தனையோ பேருடைய வீட்டுத் தரையில் வைத்து ஊர்ந்திருக்கிறேன். என் வாய்க்குள் போவதன் மேல் ஒருநாளும் வைத்ததில்லை.

“நக்கிப் பாருங்க.”

“விஷமா இருந்தா?”

“பத்து நாளா முழுங்குறீங்க. இப்ப என்ன புதுசா?”

நக்கினேன். இனித்தது.

“மருந்துக்கடைக்காரன்!” என்று கத்தினேன். “போலி மாத்திரை விக்கிறான். பெரிய கும்பல் இது. வா!”

மச்சினி பெருமூச்சு விட்டாள். ஆனால் வந்தாள்.

மருந்துக்கடைக்காரர் என்னைப் பார்த்ததும் வழக்கமான பட்டையை எடுக்கத் திரும்பினார். நான் வில்லையைக் கண்ணாடி மேஜைமேல் எறிந்து, “இது என்ன?” என்றேன். கை நடுங்கியதில் அது உருண்டு இருமல் மருந்துகளுக்கு நடுவே போய் விழுந்தது. மூன்று பேரும் குனிந்து தேடினோம். மிரட்டல் கொஞ்சம் நீர்த்துப்போனது.

அவர் கண்டெடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, முன்பல்லால் லேசாகக் கடித்தார்.

“மிட்டாய் சார்.”

“மிட்டாயா?”

“சில்லறை இல்லைன்னா கடையில கொடுப்பாங்களே, அது. உங்க மாத்திரைக்கு நடுவுல ஒரு கோடு இருக்கும், விளிம்பு சீவின மாதிரி இருக்கும். இது மொழுக்குனு இருக்கு. கண்ணு தெரிஞ்சவங்க ஏமாற மாட்டாங்க.” பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவர் முகம் மாறியது. “பத்து நாளா இதையா சாப்பிடுறீங்க? அப்ப மாத்திரை ஒண்ணுகூட உள்ள போகலையா?”

“போகலை.”

“உக்காருங்க முதல்ல.” மேஜையைச் சுற்றி வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டார். “கை நடுக்கம், வேர்வை, சத்தம் தாங்கலை, சரியா? இத்தனை வருஷம் சாப்பிட்டதை ஒரே நாள்ல நிறுத்தினா உடம்பு இப்படித்தான் சண்டை போடும். சிலருக்கு வலிப்பே வந்திருக்கு. டாக்டர் சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும்.” குரலைத் தாழ்த்தினார். “பழைய சீட்டுக்கு நானும் இவ்வளவு நாள் கொடுத்திருக்கக் கூடாது. அதை வெளியில சொல்லாதீங்க.”

ஆக, எனக்கு யாரும் விஷம் வைக்கவில்லை. வைத்ததை எடுத்திருக்கிறார்கள்.

கடை வாசலில் நின்று நெஞ்சை நிமிர்த்தினேன். எல்லாம் விளங்கிவிட்டது.

“உங்கக்கா” என்றேன் தழுதழுத்து. “அந்த மிட்டாய், பஸ் டிப்போ வாசல் டீக்கடையில கொடுக்கிறது. அவ பையில எப்பவும் கிடக்கும். என்னை இந்தப் பழக்கத்துல இருந்து மீட்கணும்னு, வாயால சொல்லத் தைரியம் இல்லாம, ரகசியமா மாத்தி வச்சிருக்கா. அன்பு! கண்மூடித்தனமான அன்பு! இன்னிக்குச் சாயங்காலம் அவளைக் கூப்பிட்டு, ‘உன்னை மன்னிச்சுட்டேன்’னு சொல்லப்போறேன். நின்னுக்கிட்டு சொல்லட்டுமா, உக்காந்தா?”

மச்சினி சிரிக்கவில்லை. அவளுக்கு இவ்வளவு நல்ல வாய்ப்பை நான் கொடுத்தும் சிரிக்கவில்லை.

“அத்தான், ராத்திரி நீங்க முழிச்சுக்கிட்டிருக்கப்போ அக்கா என்ன பண்றா?”

“தூங்குறா. அடிச்சுப் போட்ட மாதிரி. பார்க்கப் பார்க்க வயிறு எரியுது. முன்னெல்லாம் ஒரு சின்னச் சத்தத்துக்கு எழுந்துடுவா.”

“அவ பஸ்ஸோட பக்கக் கண்ணாடி போன வாரம் எப்படி உடைஞ்சது?”

“கம்பத்துல உரசிடுச்சாம். கம்பம் நடந்து வந்துச்சான்னு கேலி பண்ணினேன்.”

“காபி?”

“என்ன காபி?”

“ஒரே பாத்திரத்துக் காபி. உங்களுக்கு இனிக்குது. அவளுக்குக் கசக்குது.” மச்சினி என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். “உங்க வாயில இருந்து போன கசப்பு எங்க போச்சு அத்தான்? மிட்டாயை உள்ளே வச்சவ, எடுத்த மாத்திரையை என்ன பண்ணினா?”

தெருவில் ஒரு பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டு போனது. என் காதுக்கு அது குண்டு வெடித்த மாதிரி இருந்தது. ஆனால் நான் உட்கார்ந்துவிட்டதற்குக் காரணம் அது இல்லை.

“அவ இப்ப வண்டி ஓட்டிட்டிருக்கா” என்றேன்.

ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து போனதை நான் வர்ணிக்கப்போவதில்லை. மச்சினியின் தோளைப் பிடித்திருந்த என் கை நடுங்கியதில் வண்டியே ஆடியது. “இஞ்சின்தான் ஆடுதுன்னு நினைச்சேன்” என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். வழியெல்லாம் அவளுடைய போனில் அக்காவை அழைத்துக்கொண்டே வந்தேன். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது அவள் போனைத் தொடமாட்டாள். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேறு எதையும் சொல்லிக்கொள்ளத் தெம்பு இல்லை.

அவள் ஓட்டும் தடத்திலேயே போனோம். பள்ளிக்கூடத்து வளைவில் அவளுடைய பேருந்து ஓரமாக நின்றது. பயணிகள் எல்லோரும் கீழே இறங்கி நடைபாதையில் கூட்டமாக நின்றுகொண்டிருந்தார்கள். பிள்ளைகளைச் சாலை கடக்க வைக்கும் அம்மாள் கையில் சிவப்புக் கொடியோடு நடைபாதை விளிம்பில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். நான் குனிந்து சக்கரங்களுக்கு அடியில் பார்த்தேன்.

“யாருக்கும் ஒண்ணும் இல்லை” என்று மச்சினி என் காதருகே சொன்னாள். கேட்டுவிட்டுத்தான் சொன்னாள். “பிள்ளைங்க எல்லாம் அந்தப் பக்கம் போயாச்சு.”

என் மனைவி பேருந்துக்குள் தனியாக இருந்தாள். ஓட்டுநர் இருக்கையில் இல்லை, பயணிகள் இருக்கையில், ஜன்னலோரம். தொப்பியை மடியில் வைத்திருந்தாள்.

“கொடி தெரிஞ்சது” என்றாள் என்னைப் பார்க்காமலே. “பிரேக்கை மிதிக்கணும்னும் தெரிஞ்சது. கால்தான் லேட்டா வந்துச்சு. கொடித் துணி கண்ணாடியில பட்டப்புறம்தான் வண்டி நின்னுச்சு. அந்தம்மா கை எவ்வளவு கிட்ட இருந்துச்சு தெரியுமா? எல்லாரையும் இறக்கிட்டு டிப்போவுக்கு நானே போன் பண்ணிட்டேன். இனிமே நான் ஓட்டக் கூடாதுன்னு சொல்லிட்டேன். ஆள் வந்துட்டிருக்காங்க.”

நான் எதிர் இருக்கையில் உட்கார்ந்தேன். தயாரித்து வைத்திருந்த மன்னிப்பு உரையில் ஒரு வார்த்தைகூட உதவாது என்று தெரிந்தது.

“என் மாத்திரை...”

“நான்தான் எடுத்தேன்.”

“ஏன்?”

“தூங்கத்தான்.” அவள் இப்போது என்னைப் பார்த்தாள். “நீங்க ராத்திரி எழுந்து நடப்பீங்க. தெரியுமா உங்களுக்கு?”

“நானா?”

“ஷூவைக் கையில எடுத்துக்கிட்டு, ‘அவன் அந்தத் தெருவுல திரும்பிட்டான்’னு சொல்லிக்கிட்டே கதவைத் திறப்பீங்க. ஒரு நாள் லாரி போற ரோடு வரைக்கும் போயிட்டீங்க. கண்ணு திறந்திருக்கு, என்னை யாருன்னு தெரியலை. அன்னிலேருந்து நான் தூங்கலை. என் கையையும் உங்க கையையும் நாடாவால கட்டிக்கிட்டுப் படுப்பேன். நீங்க அசைஞ்சா எழுந்துக்கலாம்னு.”

நான் என் மணிக்கட்டைப் பார்த்தேன். மூணு கல்யாண மாப்பிள்ளை எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

“என்கிட்ட சொல்லியிருக்கலாமே?”

“சொன்னேன். ரெண்டு தடவை. ரெண்டு தடவையும் தலையை ஆட்டினீங்க. மறுநாள் ஒண்ணும் ஞாபகம் இல்லை. மாத்திரை மறக்க வைக்குதா, நீங்க மறக்கிறீங்களான்னு எனக்குப் புரியலை.” தொப்பியின் விளிம்பைத் தடவினாள். “தூங்காம வந்து விடியக்காலையில வண்டியை எடுக்கணும். டாக்டர்கிட்ட போனா டிப்போவுக்குத் தெரிஞ்சிடும். ஒரு நாள் தாங்க முடியாம உங்க பாட்டில்ல இருந்து ஒண்ணு எடுத்தேன். செத்த மாதிரி தூங்கினேன். மறுநாளும் வேணும்போல இருந்துச்சு. நீங்க எண்ணி வைப்பீங்களே, அதுக்காக ஒண்ணு எடுத்தா ஒரு மிட்டாய் போட்டேன். அப்புறம் மிச்ச மாத்திரையை மொத்தமா எடுத்து என் பையில வச்சுக்கிட்டேன், பாட்டில்ல மிட்டாய்தான் மிச்சம். மாத்திரை உள்ள போகலைன்னதும் நீங்க நடக்கிறதும் நின்னுச்சு. ரெண்டு பேருக்கும் நல்லதுன்னு நினைச்சேன். உங்க கை நடுங்கினது அந்த மாப்பிள்ளை பயத்துலன்னுதான் நினைச்சேன். நீங்கதானே அப்படிச் சொன்னீங்க.”

“கேட்டிருந்தா நானே கொடுத்திருப்பேனே” என்றேன்.

“கொடுத்திருப்பீங்களா?”

நான் யோசித்தேன். உண்மையாகவே, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு யோசித்தேன். கொடுத்திருக்க மாட்டேன். பூட்டு வாங்கியிருப்பேன்.

“மாட்டேன்” என்றேன்.

அவள் தலையசைத்தாள். படியருகே நின்றிருந்த மச்சினி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டிப்போ மேற்பார்வையாளர் வந்தபோது, நாங்கள் பேருந்து புறப்படக் காத்திருக்கும் ஜோடி மாதிரி உட்கார்ந்திருந்தோம்.

அன்று மாலையே மூவரும் ஒரு டாக்டரிடம் போனோம். சின்ன வயசுப் பெண். “யாருக்கு உடம்பு சரியில்லை?” என்று கேட்டார். நான் மனைவியைக் காட்டினேன். அவள் என்னைக் காட்டினாள். “ரெண்டு உருப்படி டாக்டர்” என்றாள் மச்சினி. எனக்கு மறுபடி மாத்திரையைத் தொடங்கி, பிறகு மாதக்கணக்கில் ஒரு துணுக்கு, ஒரு துணுக்காகக் குறைத்தார்கள். பாட்டில் மச்சினியின் கைப்பையில் இருந்தது. ஒவ்வொரு முறை குறைக்கும்போதும் நான் அழுமூஞ்சியாக நாலு நாள் அலைந்தேன். “ஆபீஸ்ல வித்தியாசமே தெரியலை” என்றாள். மனைவி சில வாரத்தில் விட்டுவிட்டாள். டிப்போவில் அவளை டிக்கெட் கவுன்டரில் உட்கார வைத்தார்கள். அவளை எவ்வளவு நம்பலாம் என்று பலர் பலவிதமாகப் பேசினார்கள். அவள் தானாகவே போன் செய்தாள் என்பதை மேற்பார்வையாளர் மட்டும் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். அவளுக்கு ஸ்டியரிங் திரும்பக் கிடைத்த வாரம்தான் என்னுடைய கடைசித் துணுக்கும் தீர்ந்தது.

டாக்டர் என் கையை நீட்டச் சொல்லிப் பார்த்தார். நடுங்கவில்லை.

“ஒண்ணு கேக்கணும்னு நினைச்சேன். முதன்முதல்ல எதுக்காக இந்த மாத்திரையை ஆரம்பிச்சீங்க? அப்ப என்ன கவலை?”

நான் வாயைத் திறந்தேன். உள்ளே ஒன்றும் இல்லை. எட்டு வருடம் ஒரு கவலையை மருந்து போட்டுத் தூங்க வைத்திருக்கிறேன்; அது என்ன கவலை என்று எனக்கே தெரியவில்லை. மச்சினியைப் பார்த்தேன். அவள் உதட்டைப் பிதுக்கினாள்.

“எனக்குத் தெரியும்” என்றாள் மனைவி மெதுவாக. “அப்பத்தான் ஆபீஸ் திறந்தார் டாக்டர். யாருமே கேஸ் கொண்டுவர மாட்டாங்களோன்னு பயம். ராத்திரியெல்லாம் கூரையைப் பார்த்துட்டுக் கிடப்பார்.”

டாக்டர் அதைக் குறிப்பேட்டில் எழுதப்போனார்.

“அது கவலை இல்லை டாக்டர்” என்றாள் மச்சினி. “அது மட்டும்தான் இவர் சரியா துப்பறிஞ்ச விஷயம்.”

என் மனைவி சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எவ்வளவு காலம் ஆகியிருந்தது என்று துப்பறிய எனக்குத் தைரியம் வரவில்லை.